வரைபடத்தில் இல்லாத காலனியும் வாசுதேவநல்லூரின் நிலத்தடி நீரும்

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றின் குப்பைக் கிடங்குக்காகத் தேர்வு செய்யப்பட்ட இடத்தின் வரைபடத்தை, சில ஆண்டுகளுக்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்றேன். அதில் ஓடை இருந்தது. வண்டிப்பாதை இருந்தது. மின்கம்பி செல்லும் தடம்கூடக் குறிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்துவரும் காலனி மட்டும் இல்லை. கோப்பில், ‘அருகில் குடியிருப்பு ஏதுமில்லை’ என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. இது குறித்துக் கேட்டபோது ஓர் அதிகாரி பொறுமையாகவே விளக்கினார்: "அது மேய்ச்சல் புறம்போக்கு. யாருக்கும் சொந்தமில்லாத நிலம். அதனால் யாருக்கும் இழப்பில்லை."

அவர் பொய் சொல்லவில்லை. வருவாய்த் துறைப் பதிவேடுகளின்படி அந்தக் காலனி இருக்கவில்லை. அங்குள்ள வீடுகளுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் அந்தப் புல எண் இன்றும் தரிசு என்றே பதிவாகியிருக்கிறது. பட்டா கேட்டு அம்மக்கள் அளித்த மனுக்கள் வேறொரு கோப்பில் உறங்குகின்றன. ஒரு கோப்பில் மறுக்கப்பட்ட உரிமை, இன்னொரு கோப்பில் அவர்களின் இருப்பையே அழிக்கும் சான்றாக மாறிவிடுகிறது. குப்பைக் கிடங்குகளும் நிலத்தடி நீரும் குறித்து நம் நாட்டில் நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் பொறியியல் மொழியிலேயே நடக்கின்றன. அந்த மொழி தொடங்கும் முன்பே, யார் வரைபடத்தில் இருக்கிறார்கள் என்ற கேள்வி முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. எனவே நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலையடிவாரமும் நெடுஞ்சாலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது வாசுதேவநல்லூர். நீண்ட காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 22.11.2019 அன்று தென்காசி மாவட்டம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் குளங்களை நிரப்பி, குளங்கள் கிணறுகளை நிரப்பி, எஞ்சிய நீர் வைப்பாற்றுப் படுகையை நோக்கிக் கிழக்கே செல்லும் நிலம் இது. நெல், கரும்பு, எலுமிச்சை ஆகிய மூன்றும் இங்கு நிலத்தடி நீரையே நம்பியிருக்கின்றன. குடிநீரும் அப்படியே. மலைச்சரிவில் பளியர் குடியிருப்புகள், கீழே ஊர்கள், ஊர்களின் ஓரத்தில் காலனிகள் என்று குடியமைப்பும் நீரோட்டத்தின் திசையிலேயே அடுக்கப்பட்டிருக்கிறது.

இப்பகுதியின் அரசியல் நிலையில் ஒரு முரண் உண்டு. வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. பக்கத்துச் சங்கரன்கோவிலும் தனித்தொகுதி. இவ்விரண்டையும் உள்ளடக்கிய தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. சட்டம் இயற்றும் அவைகளில் இத்தனை இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தும், ஒரு பேரூராட்சியின் குப்பை எந்தப் புல எண்ணில் கொட்டப்பட வேண்டும் என்ற முடிவு அந்த அவைகளுக்கு வருவதே இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நிலத்தை அடையாளம் கண்டு உள்ளாட்சிக்கு ஒதுக்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் அளித்தன. நடைமுறையில் அது வட்டாட்சியர், நில அளவர், கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கி வந்து, ‘ஆட்சேபணை இல்லாத புறம்போக்கு’ எங்கே இருக்கிறது என்ற தேடலாகச் சுருங்குகிறது. ஆட்சேபித்தால் கேட்கப்படாதவர்கள் வாழும் இடமே ஆட்சேபணை இல்லாத இடமாகக் கருதப்படுகிறது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆபத்து வருகிறது. கொல்லத்திலிருந்து செங்கோட்டை, தென்காசி, புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, இராஜபாளையம் வழியாகத் திருமங்கலம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கேரளத்தின் சரக்கு வழித்தடங்களில் ஒன்று. அண்டை மாநிலக் கழிவு இம்மாவட்டங்களுக்குள் நுழைவது பல ஆண்டுகளாகத் தொடரும் சிக்கல். 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர் உள்ளிட்ட ஊர்களில் திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, கழிவை அகற்றுமாறு கேரள அரசுக்கு உத்தரவிட்டது. 22.12.2024 அன்று லாரிகள் வந்து அவற்றை அள்ளிச் சென்றன. அந்த வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் மாநில எல்லை தாண்டி வந்த குப்பைக்கு ஒரு சில நாட்களில் கிடைத்த நீதி, நம் நகரங்கள் நம் காலனிகளின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் கொட்டும் குப்பைக்கு ஏன் கிடைப்பதில்லை? அங்கே இரு மாநிலங்களின் மானம் எதிரெதிரே நின்றது. இங்கே ஊரும் சேரியும் எதிரெதிரே நிற்கின்றன.

பாறைக்குள் நடப்பது என்ன?

குப்பைமேட்டில் விழும் மழைநீர், அழுகும் பொருட்களின் ஊடே இறங்கி, கறுத்த கசிவுநீராக அடியில் சேர்கிறது. அதில் அம்மோனியா, குளோரைடு, கரைந்த உப்புகள், மக்காத வேதிப்பொருட்கள் ஆகியவற்றோடு, மின்கலங்களும் வண்ணப்பூச்சுகளும் மின்னணுக் கழிவுகளும் கலந்திருந்தால் ஈயமும் காட்மியமும் இருக்கும். அம்மோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும். குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. மாற்று நீர் இல்லை என்பதற்காக இந்த வரம்பைத் தளர்த்த இடமில்லை. அளவு மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். இவற்றில் எதையும் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நீங்காது.

தென்காசி மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். மேலே மெல்லிய மண்ணும் சிதைந்த பாறை அடுக்கும் இருக்க, அதன் கீழே பாறையின் வெடிப்புகளில்தான் நீர் தங்கியும் ஓடியும் வருகிறது. மணற்பாங்கான நிலத்தில் மாசு எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் பரவும் என்று ஓரளவு கணக்கிடலாம். வெடிப்புகள் உள்ள பாறையில் அப்படிக் கணக்கிட இயலாது. கிடங்கின் ஓரத்துக் கிணறு தெளிவாக இருக்க, வெகுதொலைவில் உள்ள ஆழ்துளைக் கிணறு கெட்டுப்போகலாம். மலையடிவாரமோ நீர் தரைக்குள் இறங்கும் ஊற்றுப்பகுதி. அங்கே கலந்த மாசு, கீழேயுள்ள எல்லாக் கிணறுகளுக்கும் பயணப்படும் வாய்ப்பைப் பெறுகிறது.

இந்த அறிவியலை விதிகள் முழுமையாகப் புறக்கணிக்கவில்லை. 2016 விதிகளின் முதல் அட்டவணை, குப்பை நிரப்பும் தளம் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், குடியிருப்பு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்றது. அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் அடுக்கும், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிஎத்திலின் விரிப்பும் இருக்க வேண்டும்; நிலத்தடி நீரின் மிக உயர்ந்த மட்டம் அந்த அடுக்குக்குக் குறைந்தது 2 மீட்டர் கீழே இருக்க வேண்டும்; தளத்தின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும்; மூடிய பின்னும் 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்றெல்லாம் அந்த விதிகள் கூறின.

தாளில் இவை நல்ல விதிகள். இவற்றை வாசுதேவநல்லூர் போன்ற ஊரின் நிலத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். குளங்களும் ஓடைகளும் கிணறுகளும் நெருக்கமாக அமைந்த ஒரு நிலத்தில், ஒவ்வொன்றிலிருந்தும் 200 மீட்டர் விலகினால் மிஞ்சும் இடம் மிகச் சிறிது. எனவேதான் விதியை நிறைவேற்றுவதற்கான எளிய வழி, வரைபடத்திலிருந்து சிலவற்றை நீக்குவதாக இருக்கிறது. ‘குடியிருப்பு’ என்றால் பட்டா உள்ள வீடுகள் மட்டுமா? ‘குடிநீர்க் கிணறு’ என்றால் வாரியத்தின் பதிவேட்டில் உள்ள கிணறு மட்டுமா, காலனிப் பெண்கள் கோடையில் நம்பியிருக்கும் பழைய அடிபம்பும் சேருமா? விதியின் சொற்கள் இதற்கு விடை சொல்வதில்லை. விடையை வரைபடம் வரைபவர் சொல்கிறார்.

நீர் யாருடையது?

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், நிலத்தின் உரிமையாளருக்குத் தன் நிலத்தின் அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. அதாவது, நிலத்தடி நீரின் மீதான உரிமை நில உடைமையின் வால். தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. அது செயலுக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. எனவே நிலமற்றவருக்கு நிலத்தடி நீரில் என்ன உரிமை என்ற கேள்விக்கு இச்சட்டங்களில் நேரடியான விடை இல்லை.

கிணறு கெட்டுப்போனால், நிலமுள்ள விவசாயி தன் சொத்து பாதிக்கப்பட்டது என்று வழக்குத் தொடுக்கலாம். வேறிடத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டலாம். முடியாதபோது கேன் தண்ணீர் வாங்கலாம். பொது அடிபம்பை நம்பியிருக்கும் விவசாயக் கூலித் தொழிலாளிக்கு இந்த மூன்று வழிகளும் இல்லை. அவர் கூலியின் ஒரு பகுதி குடிநீருக்குப் போகும். அல்லது ஊர்க் கிணற்றிடம் கேட்டு நிற்க வேண்டிவரும். அந்தக் கேட்டு நிற்றலின் வரலாறு நாம் அறிந்ததே. மாசு ஒரு காலனியின் கிணற்றைக் கெடுக்கும்போது, அம்மக்கள் போராடி மீண்ட ஒரு சார்புநிலைக்குள் அவர்களை மறுபடியும் தள்ளுகிறது. நிலத்தடி நீர் மாசை வெறும் சுற்றுச்சூழல் சிக்கலாக நாம் ஏற்க மறுப்பதன் காரணம் இதுதான்.

உச்ச நீதிமன்றம் வேறொரு பாதையைத் திறந்துவைத்திருக்கிறது. மாசற்ற நீரும் காற்றும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்ற கோட்பாட்டை 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் ஏற்றது. இந்த உரிமைகளுக்குப் பட்டா தேவையில்லை. குடிப்பவர் என்பதே போதுமானது.

நோக்கமா, விளைவா?

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இ) பிரிவு எனத் தமிழில் வழங்கப்படும் மூன்றாம் உட்கூறு, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரைத் துன்புறுத்தவோ இழிவுபடுத்தவோ எண்ணி அவர் வாழும் பகுதியில் கழிவைக் கொட்டுவதைக் குற்றமாக்குகிறது. அதே பிரிவின் மற்றோர் உட்கூறு, அம்மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்று, நீர்த்தேக்கம் அல்லது வேறெந்த நீராதாரத்தையும் பயன்பாட்டுக்குத் தகுதி குறையுமாறு மாசுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. நீரின் மீதான உரிமையை அனுபவிக்கவிடாமல் தடுப்பதும் குற்றம். தன் கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரை 4ஆம் பிரிவு தண்டிக்கிறது; அதற்கும் நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும்.

இத்தனை வலுவான சொற்கள் இருந்தும், ஒரு பேரூராட்சியின் குப்பை லாரிக்கு எதிராக இச்சட்டத்தைப் பயன்படுத்துவது எளிதன்று. கழிவு கொட்டுவது குறித்த உட்கூறு நோக்கத்தைக் கேட்கிறது. அதிகாரியோ ‘பொதுநலன்’ என்று பதில் சொல்வார். யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் அவருக்கு இருந்தது என்று எந்தக் கோப்பும் காட்டாது. தனிமனிதர் செய்யும் குற்றத்திலேயே நாம் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதை வேங்கைவயல் காட்டியது. 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின் 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகளாகக் காட்டியது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. இந்த நிலையில், ஒரு நிர்வாக ஆணையின் ‘நோக்கத்தை’ நிரூபிப்பது எத்தகைய வேலை என்று சொல்லத் தேவையில்லை.

இந்தச் சுவரில் முட்டியவர்கள் நாம் மட்டும் இல்லை. 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் அமையவிருந்த குப்பைக் கிடங்குக்கு எதிராக ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் அந்த வழக்குக்காக ஆய்வு செய்தார். நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைக் கிடங்குகளும் கறுப்பினப் பகுதிகளில் இருந்தன. அவர்கள் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே. இருந்தும் வழக்கு தோற்றது. பாகுபாடு காட்டும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். 1982இல் வட கரோலினாவின் வாரன் வட்டத்தில், நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைப் புதைக்க ஒரு கிடங்கு தோண்டப்பட்டது. அங்கிருந்த கறுப்பின மக்கள் கிணற்று நீரைக் குடிப்பவர்கள். லாரிகளின் முன்னே சாலையில் படுத்துப் போராடினர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். கிடங்கு அமைந்தது. ஆனால் ‘சுற்றுச்சூழல் இனவெறி’ என்ற சொல்லும் அந்தப் போராட்டத்தின் வழியே உலகுக்கு வந்தது. 1987இல் வெளியான ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் அறிக்கை, நச்சுக்கழிவு நிலையங்கள் எங்கே அமைகின்றன என்பதைத் தீர்மானிப்பதில் வருமானத்தைவிட இனமே முதன்மையானது என்று நாடு தழுவிய தரவுகளோடு காட்டியது.

நமக்கு இப்போது ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. 03.10.2024 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைகளில் துப்புரவுப் பணியைச் சாதி அடிப்படையில் பிரிக்கும் விதிகளைச் செல்லாதவை ஆக்கியது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகள் பிரித்து வைக்கப்பட்டதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. வெளிப்படையாகச் சாதியைச் சொல்லாத விதியும், நடைமுறையில் சாதிப் படிநிலையைத் தொடரச் செய்யுமானால் அது மறைமுகப் பாகுபாடு. 14, 15, 17ஆம் உறுப்புகளுக்கு எதிரானது என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்த வாதத்தைக் குப்பைக் கிடங்குகளுக்கும் நீட்டிக்க வேண்டும். ஒரு மாவட்டத்தின் குப்பைக் கிடங்குகள் அனைத்தையும், அவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்பவர்களின் சமூகப் பின்னணியையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால், யாருடைய நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டிய தேவை எழாது. புல்லார்ட் செய்த வேலையை நம் மாவட்டங்களில் நாம் செய்தாக வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைத் தடையைச் சுட்ட வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் ஏழு சுற்றுச்சூழல் சட்டங்களின் கீழ் எழும் வழக்குகளை மட்டுமே விசாரிக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றமோ கிடங்கை மூட உத்தரவிடும் இடமில்லை. எனவே ஒரே கொடுமை இரண்டாகப் பிளக்கப்படுகிறது: ஒரு மன்றத்தில் சாதி இல்லாத நீரும், இன்னொன்றில் நீர் இல்லாத சாதியும் விசாரிக்கப்படுகின்றன. இரண்டையும் சேர்த்துக் கேட்கக்கூடிய இடம், 226ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றம். தென்காசி மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை.

கெட்ட பின் கிடைக்கும் நீதி

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 28.08.1996 அன்று வந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளம். ‘முன்னெச்சரிக்கைக் கோட்பாடு’, ‘மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற இரண்டையும் நம் நாட்டுச் சட்டமாக்கிய அந்த வழக்கு, தமிழ்நாட்டின் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்த நிலத்தடி நீரைப் பற்றியது. திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் ஆராயப்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கு அத்தீர்ப்பிலேயே உள்ளது. அந்தத் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்கும் மேலான பின், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத்தின் அதே மாசுக்காக மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வென்றது, நீர் திரும்பவில்லை. நிலத்தடி நீர் வழக்குகளில் வெற்றி என்பது பெரும்பாலும் நீர் கெடுவதற்கு முன் பெறப்படுவதே.

பெருநகரங்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. உழைக்கும் மக்கள் செறிந்த வட சென்னையின் கொடுங்கையூரில் 340 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரிக்க, நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவிடப்படுகிறது. பெருங்குடியில் குப்பை கொட்டப்பட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அச்சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. கோவையின் வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலில் பல நாட்கள் எரிந்தது. இவை அனைத்தும் ‘தற்காலிகமாக, ஊருக்கு வெளியே’ என்று தொடங்கியவையே. ‘பணமில்லை’ என்று உள்ளாட்சி சொல்லித் தப்ப முடியாது என்று 1980இலேயே ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்துவிட்டார்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

வாசுதேவநல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களின் தோழர்கள், ஒரு கிடங்கு பற்றிய பேச்சு காதில் விழும் முன்பே சிலவற்றைச் செய்துவைக்க வேண்டும்.

முதலாவது, நீர்ப் பரிசோதனை. காலனியின் ஒவ்வொரு அடிபம்பு, கிணறு, ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் பரிசோதித்து, அறிக்கைகளைப் பாதுகாக்க வேண்டும். ‘இங்கே நீர் எப்போதும் உப்புதான்’ என்பது எல்லா வழக்குகளிலும் எதிர்த்தரப்பின் முதல் வாதம். அதற்குப் பதில் சொல்லக்கூடியது பழைய அறிக்கை மட்டுமே.

இரண்டாவது, வரைபடம். கிராம ‘அ’ பதிவேட்டின் நகல், புல வரைபடம் ஆகியவற்றைப் பெற்று, அவற்றில் இல்லாத வீடுகளையும் நீராதாரங்களையும் சுடுகாட்டையும் மேய்ச்சல் வழியையும் மக்களே குறித்து, வட்டாட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பட்டா கோரிக்கையையும் அதனுடன் இணைக்க வேண்டும். நீர்ப் பாதுகாப்புப் போராட்டமும் மனைப்பட்டாப் போராட்டமும் வேறு வேறானவை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது எதிர்த்தரப்புக்கே உதவுகிறது.

மூன்றாவது, பெயர்களைக் கவனித்தல். ‘குப்பைக் கிடங்கு’ என்ற பெயரில் இன்று எந்தத் திட்டமும் வருவதில்லை. ‘வளம் மீட்புப் பூங்கா’, ‘நுண் உரமாக்கும் மையம்’ என்று வரும். உண்மையாகவே உரம் தயாரிக்கும் மையம் வரவேற்கத்தக்கது. பிரிக்கப்படாத குப்பை அங்கே வந்து தங்கத் தொடங்கும் நாளிலிருந்து அது கிடங்கு. பல உள்ளாட்சிகளுக்கான பொதுத் திடக்கழிவு வசதி என்றால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி தேவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காவது, காலக்கெடு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள். மற்ற சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு, காரணம் முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம். இதிலும் 60 நாள் நீட்டிப்புண்டு. இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டுகள். பல நல்ல வழக்குகள், மனு கொடுத்துக் காத்திருந்த மாதங்களிலேயே தோற்றுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். குறைதீர் நாளில் கொடுத்த மனுவின் ரசீது காலக்கெடுவை நிறுத்திவைக்காது.

ஐந்தாவது, அவைகள். பேரூராட்சியின் குப்பை பக்கத்துக் கிராம ஊராட்சியின் நிலத்துக்குப் போவது வழக்கம். அந்த ஊராட்சியின் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, நீர்ப் பரிசோதனை அறிக்கைகளை அதன் பதிவேட்டில் இணைக்கச் செய்ய வேண்டும். தீர்மானம் திட்டத்தை நிறுத்திவிடாமல் போகலாம். ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதும் கையை அது நிறுத்தும்.

எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்?

இந்தக் கேள்வி நியாயமானது. அதைத் தவிர்ப்பது நேர்மையாகாது. நம் காலனியில் வேண்டாம் என்று போராடி வென்றபின், அந்த லாரி அடுத்த ஊரின் அருந்ததியர் தெருவுக்கோ பளியர் குடியிருப்புக்கோ போகுமானால், அந்த வெற்றியில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. நம் கோரிக்கை இடமாற்றமாக இருக்கக் கூடாது. புதைக்கப்படும் குப்பையின் அளவைக் குறைப்பதாக இருக்க வேண்டும்.

வாசுதேவநல்லூர் போன்ற ஒரு பேரூராட்சியின் குப்பையில் பெரும்பகுதி காய்கறி, உணவு, இலைதழைக் கழிவு. சுற்றிலும் விவசாயம் நடக்கும் ஊரில் அதை உரமாக்கிப் பயன்படுத்த இடமும் தேவையும் இருக்கின்றன. அதை அந்தந்த வார்டிலேயே பிரித்து உரமாக்கினால் கசிவுநீரின் முதன்மையான மூலம் நின்றுவிடும். எஞ்சும் உலர்ந்த பொருட்களில் விலைபோகக்கூடியவை விலைபோகும். உண்மையில் புதைக்கப்பட வேண்டியது சிறு பங்கே. இது 2000ஆம் ஆண்டின் விதிகளிலிருந்தே சட்டத்தில் உள்ளது. நடைமுறைக்கு வராததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லாதது அன்று. வீட்டில் பிரிக்காமல் கொட்டுவதை, இன்னொருவர் தன் கைகளால் பிரிப்பார் என்ற நம்பிக்கை காரணம். அந்த இன்னொருவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். பேரூராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரும், கிடங்கின் ஓரத்துக் காலனிவாசியும் பெரும்பாலும் ஒரே சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பல இடங்களில் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். பகலில் ஊரின் குப்பையை அள்ளுபவர், இரவில் அதே குப்பை ஊறிய நீரைக் குடிக்கிறார். எனவே வீடுகளில் பிரிக்கப்படாத குப்பையைப் பெற மறுக்கும் உரிமையும், பணி நிரந்தரமும், பாதுகாப்புக் கருவிகளும் கேட்கும் தூய்மைப் பணியாளர்களின் போராட்டம் நிலத்தடி நீருக்கான போராட்டத்தின் மறுபாதி.

புதைத்தே தீர வேண்டிய அந்தச் சிறு பங்குக்கு இடம் தேடும்போதும், இடத்தேர்வுக் குழுவில் பாதிக்கப்படக்கூடிய காலனியின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வீடுகளும் எல்லா நீராதாரங்களும் குறிக்கப்பட்ட வரைபடம் தமிழில் வெளியிடப்பட வேண்டும். மாவட்டத்தின் பழைய கிடங்குகள் யாருடைய பக்கத்தில் இருக்கின்றன என்ற பட்டியல் அதனுடன் இணைக்கப்பட வேண்டும். தனித்தொகுதிகளில் வென்று அவைக்குச் சென்றவர்களிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் பட்டியலை எப்போது அவையில் வைக்கச் செய்வீர்கள் என்பதே.

20.03.1927 அன்று மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளிப் பருகினார். அப்போது எழுந்த கேள்வி, அந்த நீரைத் தொடும் உரிமை யாருக்கு என்பது. அந்த வழக்கு பத்தாண்டுகள் நடந்து, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. இன்று யாரும் நம் அடிபம்பைத் தொடாதே என்று சொல்வதில்லை. அதன் அடியில் என்ன இறங்குகிறது என்பதை மட்டும் நம்மைக் கேட்காமல் முடிவு செய்கிறார்கள். முதலில் சொன்ன அந்தச் சிறு நகரத்தின் கோப்பில், ‘குடியிருப்பு ஏதுமில்லை’ என்ற வரிக்கு எதிராகக் காலனி மக்கள் தாங்களே வரைந்த ஒரு வரைபடத்தைத் தாக்கல் செய்தோம். ஒவ்வொரு வீடும், மூன்று அடிபம்புகளும், ஒரு பொதுக்கிணறும் அதில் இருந்தன. அந்தக் கோப்பு இன்னும் முடியவில்லை. ஆனால் இனி அதைத் திறக்கும் எந்த அதிகாரியும் அங்கே யாருமில்லை என்று எழுத முடியாது.